படிவம் மூன்று: மூலைகள்

தலைநகரிலிருந்து வந்த கையேட்டில்
நாற்பத்தோராம் பக்கம் சொல்கிறது:
வாசிப்புக்கு ஒரு மூலை,
கட்டைகளுக்கு ஒரு மூலை,
வீட்டு விளையாட்டுக்கு ஒன்று,
அமைதிக்கு ஒன்று.
கீழே நான்கு கட்டங்கள்,
நான் நிரப்பி அனுப்ப.

என் மழலையர் பள்ளி ஒரு கெர்.
கம்பளிக் கூடாரம். வட்டம்.
கோடையில் மந்தைகளுக்குப் பின்னாலேயே
லாரியில் ஏறிப் போகும்.
ஒரு மணி நேரத்தில் பிரித்துவிடுவோம்.
காற்று சம்மதித்தால் இரண்டில் கட்டிவிடுவோம்.
சுவரைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து பார்த்தேன்.
புறப்பட்ட கதவுக்கே வந்து சேர்ந்தேன்.

"மூலையில் போய் நில்" என்று
எந்தப் பிள்ளையையும் இங்கே தண்டிக்க முடியாது.
அது ஒரு வசதி.
அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

பயிற்சியில் சொலோங்கோவிடம் கேட்டேன்.
நல்ல அதிகாரி. திரையில் படங்கள் காட்டினாள்:
தாழ்ந்த அலமாரி, பிரம்புக்கூடை,
ஜன்னலோரம் ஒரு பச்சைச் செடி.
"அலமாரியை வைத்துத் தடுத்துக்கொள்ளுங்கள்."
அது லாரியில் ஏறுமா என்று அவள் கேட்கவில்லை.
ஏறும். போன வருஷம் ஒன்று ஏறியது.
ஆற்றைக் கடக்கையில்
தானே இறங்கிக்கொண்டது.

சரி, இருப்பதைச் சொல்கிறேன்.
கூரையின் நடுவே வளையம்.
அதன் வழியே வெயில் இறங்கி
காலையில் மேற்குச் சுவரில் உட்காரும்,
உச்சியில் வடக்கே,
மூன்று மணிக்குக் கிழக்கே.
படப்புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு
பிள்ளைகள் அதன் பின்னால் நகர்வார்கள்,
வயிற்றால் ஊர்ந்தபடி.
வாசிப்பு மூலை: உண்டு. நில்லாது.

கட்டைகள்: சகாய்.
செம்மறியின் கணுக்கால் எலும்பு.
ஒரு சாக்கு நிறைய, வீட்டுக்கு வீடு கொடுத்தது.
விழும் பக்கத்தைப் பொறுத்து
குதிரை, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு.

மூன்றாம் கட்டத்தில்தான் பேனா நின்றது.

இத்கெலுக்கு வயது நான்கு.
ஸுத் என்கிற வெள்ளைப் பஞ்சத்தில்
அவர்கள் பட்டியில் அறுநூறு உருப்படி போய்
எழுபதோ என்னவோ மிச்சம்.
இங்கே சேர்ந்து பதினோரு நாள்.
பேசவில்லை. பூட்ஸையும் கழற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை
சாக்கைக் கொட்டி எலும்புகளைப் பரப்பினான்.
நிற்பதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சாய்த்தான்.
பிறகு சமையல் பக்கம் போய்
மாவுப் பையை இழுத்து வந்து
மேலே கவிழ்த்தான்.

புரெவ்மா அகப்பையோடு எழுந்துவிட்டாள்.
நான் கையை உயர்த்தினேன்.
ஏன் உயர்த்தினேன் என்று அப்போது தெரியாது.

எல்லாம் வெள்ளையானது. கம்பளம், முழங்கால், இமை.
வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.
பிறகு தோண்டினான்.
ஒன்றை எடுப்பான், ஊதுவான்,
அங்கிக்குள் மார்போடு செருகுவான்.
சிலதை எடுத்துப் பார்த்துவிட்டு
இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான்.

மூன்று வயது மரால்
பொம்மைப் போர்வையை இழுத்துக்கொண்டு வந்து
பக்கத்தில் சப்பென்று உட்கார்ந்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
அவன் ஒரு எலும்பை நீட்டினான்:
"பிடி. இதுக்குப் பால் வேணும்."

பால் கொடுத்தார்கள்.
நிஜப் பால். அதுவும் கம்பளத்தில்.

இரவு கையேட்டைப் புரட்டினேன்.
பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்:
குறுக்கிடாதீர்கள். அருகில் அமருங்கள்.
கண்டதை எழுதுங்கள்.
மூலைகளைத் தேடும் அவசரத்தில்
தாண்டிப் போயிருக்கிறேன்.

ஆகவே கண்டதை எழுதினேன்.
கட்டம் போதாமல் பின்பக்கமும் போனது.
செலவுக் கணக்கில் சேர்த்தேன்:
மாவு, இரண்டு கிலோ, கற்றல் பொருள்.
நான்காம் கட்டம் காலியாகப் போகட்டும்.
சொலோங்கோ கேட்டால்
ஒரு நாள் வந்து உட்காரச் சொல்வேன்.

வியாழன் லாரி வருகிறது.
எலும்புகளின் பள்ளங்களில் இன்னும் மாவு.
கட்டும் முன் கழுவிவிடலாமா என்கிறாள் புரெவ்மா.

இத்கெலைக் கேட்க வேண்டும்.